இடம் தேடி அலைந்த பாட்டு

1971 டிசம்பர். ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்ட்ரூ ஊர் தூங்கப் பார்க்கிறது, முடியவில்லை. ஊர் நடுவே பெவிலியன் என்றொரு பழைய அரங்கம். உள்ளே டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழு நள்ளிரவு தாண்டியும் வாசித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குழு எழுப்பும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அக்கம்பக்கத்தாரின் பாடு புரியும். யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே ரோடிகள், அதாவது குழுவோடு ஊர் ஊராகப் போய்ச் சாமான் இறக்கி மேடை கட்டும் ஆட்கள், தோள் கொடுத்துக் கதவை அழுத்திப் பிடித்தபடி நிற்கிறார்கள். எடுத்துக்கொண்டிருக்கும் டேக் முடிய வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை.

முடிந்தது. கதவு திறந்தது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் நாடாவில் ஒரு ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு, ஏறிவிட்டது. கிதாரைக் கையில் எடுக்கும் யாரும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் ரிஃப். அன்றைக்கு அதற்குப் பாடல் வரி கிடையாது, பெயரும் கிடையாது. 'டைட்டில் நம்பர் 1' என்று குறித்து வைத்ததோடு சரி.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பிறந்த கதையை யார் சொன்னாலும் தீ விபத்தில்தான் தொடங்குவார்கள். சூதாட்ட விடுதி எரிந்தது, ஏரி மேல் புகை படர்ந்தது, அதைப் பார்த்துப் பாட்டெழுதினார்கள் என்று. தப்பில்லை. ஆனால் வரிகளைக் கவனமாகப் படித்தால் தீ பாதியிலேயே அணைந்துவிடுகிறது. மிச்சம் முழுக்க, வாடகைக்கு ஸ்டூடியோ லாரி வந்து நிற்கிறது, நேரம் ஓடுகிறது, வாசிக்க ஓர் இடம் கிடைக்கவில்லையே என்ற புலம்பல்தான். என்னைப் பொறுத்தவரை இது வீடு தேடி அலைந்தவர்களின் பாட்டு. அதனாலேயே இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது.

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். 1968-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 1969-இல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிதார் வாசிக்கும் ராஜர் குளோவரும் வந்து சேர்ந்தார்கள். கிதாரில் ரிச்சி பிளாக்மோர், ஹம்மண்ட் ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயன் பெய்ஸ். ரசிகர்கள் 'மார்க் டூ' என்று அழைக்கும் அணி இதுதான். அதே ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோ என்ற நீண்ட இசைப்படைப்பை வாசித்தார்கள். பிளாக்மோருக்கு அதில் அவ்வளவாக மனம் ஒட்டவில்லை. அடுத்து வந்த 1970-இன் 'இன் ராக்' ஆல்பத்தில் மொத்த வண்டியையும் அவர் தன் பக்கம் திருப்பிவிட்டார். சத்தம், வேகம், இன்னும் சத்தம்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. மேடையில் இருந்த முறுக்கு ஸ்டூடியோவில் வரவில்லை. ஒலி புகாத அறைக்குள் ஆளுக்கொரு மூலையில் அடைபட்டு வாசித்தால் அந்த வெறி எங்கிருந்து வரும்? ஆகவே பிறகு 'மெஷின் ஹெட்' என்று பெயர் பெற்ற ஆல்பத்தை மேடையிலேயே வைத்துப் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு லாரிக்குள் முழு ரெக்கார்டிங் கட்டுப்பாட்டு அறையையே கட்டி வைத்திருந்தது. மற்றவர்களுக்கு வாடகைக்கும் விடுவார்கள். லெட் செப்பலின் குழுவினரும் அதில் பதிவு செய்திருக்கிறார்கள். லாரி கிடைத்துவிட்டது. மேடைக்கு மோன்ட்ரூ கேசினோ, மேலே சொன்ன அதே சூதாட்ட விடுதி. குளிர்காலத்துக்காக அதை மூடப்போகிறார்கள், உள்ளே பெரிய கச்சேரி மண்டபம், ஆள் தொந்தரவு இருக்காது. ஏற்பாடு செய்து கொடுத்தவர் கிளாட் நோப்ஸ், 1967-இல் மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர். எல்லாம் கூடி வந்தது. கேசினோ மூடுவதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி. அது முடிந்தால் மண்டபம் இவர்களுக்கு.

அந்த ஒரு கச்சேரிதான் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவுடையது.

1971 டிசம்பர் 4, சனிக்கிழமை. ஸப்பாவும் அவருடைய 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழுவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். டீப் பர்ப்பிள்காரர்களும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'கிங் காங்' என்ற நீளமான உருப்படியில் டான் பிரெஸ்டனின் சிந்தசைஸர் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்த ஒருவன் ஃபிளேர் கன்னை மேல்நோக்கிச் சுட்டுவிட்டான். ஆபத்தில் சிக்கிய கப்பலிலிருந்து வானத்தில் வெளிச்சக் குண்டு விடுவார்களே, அந்தத் துப்பாக்கி. மண்டபத்தின் கூரையில் பிரம்புப் பின்னல் வேய்ந்திருந்தது. காய்ந்த பிரம்பு. வேறென்ன வேண்டும்?

முதலில் யாரும் பதறவில்லை என்கிறார்கள். மேடையிலிருந்து அமைதியாக வெளியேறச் சொன்னார்கள், கூட்டமும் கேட்டுக்கொண்டது. பிறகு நெருப்பு வேகம் பிடித்தது. பெரிய கண்ணாடிச் சன்னல்களை உடைத்துக்கொண்டு ஆட்கள் வெளியே குதித்தார்கள். நோப்ஸ் எரியும் கட்டிடத்துக்குள் ஓடி, பாதுகாப்பான இடம் என்று நினைத்து உள்ளே ஒளிந்திருந்த பிள்ளைகளை இழுத்து வந்தார். இத்தனை களேபரத்திலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கேசினோ மட்டும் மொத்தமாகச் சாம்பல். ஸப்பா குழுவின் கருவிகளும் அதோடு போயின. டீப் பர்ப்பிள்காரர்கள் தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்றில் புகை ஏரிப் பரப்பின் மேல் விரிந்துகொண்டே போனது.

ஸப்பாவின் பங்கைப் பாட்டு ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அந்த மனிதருக்கு அந்த டிசம்பர் அதோடு விடவில்லை. ஆறே நாளில், டிசம்பர் 10 அன்று, லண்டன் ரெயின்போ அரங்கில் இரவல் கருவிகளோடு வாசித்தபோது பார்வையாளன் ஒருவன் மேடையேறி அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் ஆழமான குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது, தலையில் காயம், தொண்டைக்குழி நசுங்கியது. நெடுநாள் சக்கர நாற்காலியில் இருந்தார். குரலே சுருதி இறங்கி நிரந்தரமாகக் கட்டையாகிவிட்டது. பின்னாளில் வந்த அவருடைய ஆல்பங்களில் அந்தக் கனத்த குரலைக் கேட்டு ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு அது எப்படி வந்தது என்று தெரியும்? இந்தக் கதையில் நிஜமாக அடிபட்டவர் அவர்தான். பாட்டு கிடைத்ததோ இன்னொரு குழுவுக்கு.

சரி, இப்போது டீப் பர்ப்பிள் நிலைமை. லாரி தெருவில் நிற்கிறது. மண்டபம் இல்லை. நோப்ஸ் ஓடியாடிப் பெவிலியனைப் பிடித்துக் கொடுத்தார். பிளாக்மோர் ஒரு ரிஃப் வைத்திருந்தார், பெய்ஸோடு சேர்ந்து அதை ஓட்டிப் பார்த்தார், மற்றவர்கள் கூடிக்கொண்டார்கள். இசைத் தடம் ஒன்று தேறியது. அதற்குள் போலீஸ். அந்தக் கதையைத்தான் மேலே சொன்னேன்.

பிறகு மறுபடி அலைச்சல். கடைசியில் ஊருக்குச் சற்று ஒதுக்கமாக இருந்த கிராண்ட் ஹோட்டல் கிடைத்தது. பெயர்தான் கிராண்ட். குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்தது, அறைகள் காலி, எலும்பை உலுக்கும் குளிர். லாபியை ஒட்டிய தாழ்வாரத்தில் கருவிகளை நிறுத்தினார்கள். எதிரொலியை அடக்க, ஹோட்டல் படுக்கைகளின் மெத்தைகளை உருவிக்கொண்டு வந்து சுவரோரம் சாய்த்தார்கள். வெளியே நின்ற லாரியிலிருந்து கேபிள்கள் உள்ளே வந்தன. ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் லாரிக்குள். எடுத்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் இவர்கள் அறை அறையாகப் புகுந்து, குளியலறை வழியாக, பால்கனி தாண்டி, பனியில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். ஓரிரு முறை போனார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். வாசிக்கும்போதே சரியாக வந்ததுபோல் இருந்தால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது என்று ஆகிவிட்டது.

'மெஷின் ஹெட்' ஆல்பம் இன்றைக்கும் அவ்வளவு உயிரோடு ஒலிப்பதற்கு இந்தச் சோம்பேறித்தனமும் ஒரு காரணம் என்பது என் கட்சி. திரும்பத் திரும்பக் கேட்டு, அங்கே ஒரு பிசிறு, இங்கே ஒரு தடுமாற்றம் என்று நோண்டிக்கொண்டிருந்தால் 'ஹைவே ஸ்டார்' அந்த வெறியோடு வந்திருக்குமா? அதுவே ஓடும் பஸ்ஸில் பிறந்த பாட்டு. பாட்டெல்லாம் எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, இதோ இப்படித்தான் என்று பிளாக்மோர் கிதாரை எடுத்துத் தட்ட, கில்லன் வாய்க்கு வந்ததைப் பாட, அன்றிரவே மேடையேற்றினார்கள்.

பதிவு முடியும் தறுவாயில் பர்ச் கணக்குப் பார்த்தார். ஆல்பத்துக்குச் சில நிமிடம் குறைகிறது. இன்னொரு பாட்டு வேண்டும். அப்போதுதான் பெவிலியனில் எடுத்துவைத்த அநாதைத் தடம் நினைவுக்கு வந்தது. வரி எழுத வேண்டும், எதைப் பற்றி எழுதுவது? தீ விபத்துக்குச் சில நாள் கழித்து, ஒரு காலையில் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது குளோவரின் வாயில் தானாக ஒரு சொற்றொடர் வந்திருந்தது: ஸ்மோக் ஆன் தி வாட்டர். கில்லனிடம் சொன்னபோது, கேட்டால் போதைப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று தயங்கினாராம். இவர்கள் குடிகாரக் கூட்டம்தான், ஆனால் கஞ்சாக் கூட்டம் என்ற பெயர் வேண்டாம் என்ற கவலை. ஆனால் நேரம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார்கள். மோன்ட்ரூவுக்கு வந்தோம், லாரி கொண்டுவந்தோம், ஸப்பா கச்சேரி, ஃபிளேர் கன் வைத்திருந்த ஒரு மடையன், எல்லாம் எரிந்தது, கிளாட் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை மீட்டார், வேறு இடம் தேடினோம், காலியான குளிர்ந்த ஹோட்டல் கிடைத்தது, சில சிவப்பு விளக்கும் பழைய கட்டில்களும் வைத்துச் சமாளித்தோம். கதை முடிந்தது.

அந்தக் காலத்து ஹார்ட் ராக் வரிகளை நினைத்துப் பாருங்கள். பேய், பிசாசு, மலையரசன், காதலி, வேகக் கார். இவர்களும் சளைத்தவர்கள் இல்லை, இதே ஆல்பத்தில் விண்வெளியில் லாரி ஓட்டுகிறார்கள். நடுவில் இந்த ஒரு பாட்டு மட்டும் மாவட்டச் செய்திப் பக்கம் மாதிரி ஊர்ப்பெயர், ஆள்பெயர், கட்டிடப்பெயர் போட்டு நிற்கிறது. உவமை கிடையாது, உருக்கம் கிடையாது. தீக்கு வருத்தப்படக்கூட நிற்கவில்லை, வேலை இருக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறார்கள். கில்லன் உச்சஸ்தாயியில் அலறுவதற்குப் பெயர் போனவர். இங்கே அதையும் செய்யவில்லை. எதிரில் உட்கார்ந்து சொல்வது மாதிரி பாடுகிறார். எழுத வேறெதுவும் இல்லாதபோது எழுதியது என்பது வரிகளுக்கு நல்லதாகவே முடிந்தது.

அந்த ரிஃபைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜி மைனரில், ப்ளூஸ் ஸ்கேலில், நான்கே நான்கு சுரம். நம் கணக்கில் சொன்னால் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம். ச க ம என்று ஏறி நின்று, மறுபடி ச க என்று ஏறிப் பிரதி மத்தியமத்தைத் தொட்டுச் சுத்த மத்தியமத்துக்கு இறங்கும். இரண்டு மத்தியமமும் இப்படி ஒட்டி வருவதைக் கர்நாடக சங்கீதம் பழகிய காது சட்டென்று கவனிக்கும், முகம்கூடச் சுளிக்கலாம். அந்த ஒரு உரசல்தான் மொத்தப் பாட்டுக்கும் புளிப்பு. கூடவே இன்னொன்று: பிளாக்மோர் ஒற்றைத் தந்தியில் வாசிக்கவில்லை. ஒவ்வொரு சுரத்தோடும் அதற்குக் கீழே நான்காம் இடைவெளியில் இருக்கும் சுரத்தையும் சேர்த்து, இரண்டு தந்திகளைப் பிக் என்ற மீட்டுத் தகடு இல்லாமல் விரலால் ஒரே நேரத்தில் கிள்ளுகிறார். பிக்கால் அடித்தால் இரண்டும் நூலிழை முன்பின்னாக ஒலிக்கும், கிள்ளினால் ஒன்றாக வெடிக்கும். கல்லூரி விடுதியில் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு கிதாரில் இதை வாசித்துக் காட்டாதவர் கிடையாது. எல்லோரும் ஒற்றைத் தந்தியில், பிக்கால். ஏன் கேசட்டில் வருவதுபோல் வரவில்லை என்று ஆம்ப்ளிஃபையரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை கேட்கும்போது யார் எப்போது நுழைகிறார்கள் என்று பாருங்கள். முதலில் கிதார் மட்டும். அடுத்த சுற்றில் பெய்ஸின் டிரம்ஸில் உள்ள ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத் தட்டு, கூடவே ஜான் லார்டின் ஆர்கன். அது ஆர்கன் என்றே பலருக்குத் தெரியாது. லார்ட் தன் ஹம்மண்டை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி, கிதார் மாதிரியே கரகரக்க வைத்திருப்பார். அதே ரிஃபை அவரும் வாசிப்பதால் கிதாருக்கு இரட்டிப்புக் கனம் கூடிவிடுகிறது. பிறகு டிரம்ஸின் மிச்சம், கடைசியாகக் குளோவரின் பேஸ். இவ்வளவு பொறுமையாகக் கட்டி எழுப்பிய தொடக்கம் ராக்கில் குறைவு. ரிஃபின் எளிமையைக் கிண்டலடிப்பவர்களுக்கு பிளாக்மோர் ஒரு பேட்டியில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனியைத் தலைகீழாக்கினேன், அவருக்கு நான் நிறையப் பணம் பாக்கி என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் எப்போது கிண்டல் செய்கிறார், எப்போது நிஜம் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

'மெஷின் ஹெட்' 1972 மார்ச்சில் வந்தது. பிரிட்டனில் முதலிடம். ஆனால் சிங்கிளாக, அதாவது தனித் தட்டாக வெளியிட, அவர்கள் தேர்ந்தெடுத்தது 'நெவர் பிஃபோர்' என்ற பாட்டை. அதில்தான் ஹிட் ஆகும் களை இருக்கிறது என்று குழு நம்பியது. இன்று அதைத் தீவிர ரசிகர்களைத் தவிர யாரும் முணுமுணுப்பதில்லை. குறைந்த நிமிடங்களை நிரப்ப ஒட்டிய பாட்டு ஓராண்டு கழித்து, 1973 மே மாதம், அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது. வானொலிக்காக நீளத்தைக் குறைத்திருந்தார்கள். பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அது ஏறிக்கொண்டிருந்த ஜூன் 29 அன்று ஒசாகாவில் கடைசியாகப் பாடிவிட்டுக் கில்லன் குழுவை விட்டுப் போய்விட்டார். குளோவரும் போனார். பிளாக்மோருக்கும் கில்லனுக்கும் ஒத்துவரவில்லை. வெற்றி வாசலுக்கு வந்தபோது வரி எழுதிய இருவரும் வீட்டில் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். 1974 ஏப்ரல், கலிஃபோர்னியா ஜாம் என்ற பிரம்மாண்டத் திறந்தவெளி விழா. யாருடனோ கடுப்பிலிருந்த பிளாக்மோர் முதலில் கிதாரால் தொலைக்காட்சிக் கேமராவை இடித்தார். பிறகு, முன்னேற்பாடாகப் பெட்ரோல் ஊற்றி வைத்திருந்த ஆம்ப்ளிஃபையருக்குத் தீ வைக்கச் செய்தார். எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வெடித்து மேடையே குலுங்கியது. ஃபிளேர் கன் வைத்திருந்தவனை மடையன் என்று பாடிய குழு இது!

கில்லனை அந்தப் பாட்டு விடவில்லை. 1983-இல் கொஞ்ச காலம் பிளாக் சப்பாத் குழுவில் பாடியபோது அங்கேயும் கச்சேரி முடிவில் இதைப் பாட வேண்டியிருந்தது. மார்க் டூ அணி 1984-இல் மறுபடி ஒன்று சேர்ந்தது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம் வந்து ஏராளமானோர் மாண்டார்கள், மிஞ்சியவர்கள் கடும் குளிரில் வீடிழந்து நின்றார்கள். நிவாரண நிதிக்காக ராக் கலைஞர்கள் கூடி ஒரு பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தபோது எடுத்துக்கொண்டது இதைத்தான். கில்லன் பாட, பிளாக்மோரோடு குயீனின் பிரையன் மே, பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர், சப்பாத்தின் டோனி அயோமி எல்லாம் வாசித்தார்கள்.

மோன்ட்ரூவில் கேசினோவை மறுபடி கட்டி 1975-இல் திறந்தார்கள். இந்த முறை கட்டிடத்துக்குள்ளேயே ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. பின்னால் குயீன் குழு அதை விலைக்கே வாங்கியது. ஏரிக்கரையில் குயீனின் பாடகர் ஃபிரெடி மெர்குரிக்குச் சிலை இருக்கிறது. பக்கத்திலேயே இந்த ரிஃபின் சுரக்குறிப்புகளைப் பொறித்த ஒரு சின்னமும் உண்டு. நோப்ஸ் 2013 ஜனவரியில் இறந்தார். அதற்கு ஆறு மாதம் முன்பு ஜான் லார்ட்.

ஸ்டூடியோ பதிவா, 'மேட் இன் ஜப்பான்' நேரடிப் பதிவா, எது உசத்தி என்ற சண்டை ரசிகர்களிடையே ஓயாது. மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் நான் ஜப்பான் கட்சி. இந்த ஒன்றுக்கு மட்டும் மோன்ட்ரூ பதிவுதான். அதில் இருக்கும் நிதானம் மேடையில் இல்லை. ஆனாலும் ஜப்பான் பதிவின் பின்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஓர் இரவு, மூன்றையும் பதிவு செய்தார்கள். முதல் இரவு அவ்வளவு சரியாக அமையவில்லை என்று ஏறக்குறைய முழுவதையும் ஒதுக்கிவிட்டார்கள். அந்த இரவிலிருந்து ஆல்பத்துக்கு வந்தது இந்த ஒரே பாட்டு. காரணம், தொடக்க ரிஃபை பிளாக்மோர் சரியாக வாசித்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.